தாழம்புதரில் ஏழு தத்துப்பூச்சிகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

தாட்சாயணி இன்று வேலையில் சேர்ந்தாள். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. படித்த இரண்டு வருடமும் என் பக்கத்து இருக்கை. பதினைந்து வருடம் கழித்து, போர்ட் பிளேரில் எங்கள் பூச்சி ஆய்வு நிலையத்தின் வாசலில், அதே சிரிப்போடு நின்றாள்.

"ஏட்டி சுகி, உனக்கு ஒரு நரகூட இல்ல பாரு!" என்று கட்டிக்கொண்டாள்.

எனக்கு நரை இருக்கிறது. சாயம் பூசுகிறேன். அவளுக்குத்தான் நிஜமாகவே இல்லை.

சின்னத் தீவுகளின் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் திட்டத்தில் அவளுக்கு வேலை. செப்டம்பர் முப்பது வரை ஒப்பந்தம். அதற்குள் ஒரு நல்ல கட்டுரை ஏற்கப்பட்டால் நீட்டிப்பார்கள். எனக்கு நிரந்தர வேலை, தனி அறை, ஒன்பது வருட அனுபவம். பொறாமைப்படுவதென்றால் அவள்தான் என்னைப் பார்த்துப் பட வேண்டும். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12

தண்ணீர் வரும் நாள். இருந்த குடம், வாளி, குக்கர் எல்லாம் நிரப்பினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாகர்கோவிலிலிருந்து அம்மா பேசினாள்.

"மக்ளே, தாட்சு அங்க வந்துருக்காளாமே. நல்ல புள்ள. நம்ம வீட்டுக்கு வந்தப்போ என் கையில இருந்த கொப்புளத்தப் பாத்து அவதான் மருந்து சொன்னா. நீ பாக்கவே இல்ல."

"அம்மா, அது நடந்து பதினாறு வருசமாச்சு."

"அதுக்கென்ன? அவ பாத்தாள்லா?"

துணி துவைத்தேன். அரிசியில் எறும்பு. வெயிலில் பரப்பிவைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

வனத்துறை அனுமதி ஒருவழியாக வந்து, இரண்டரை மணி நேரப் படகுப் பயணம். வரைபடத்தில் அந்தத் தீவுக்கு எண் மட்டும்தான். படகோட்டி சவரிமுத்து அண்ணன் ஆமைத்தீவு என்கிறார். உள்ளே அடர்ந்த காடு. கரையில் அரை மைலுக்குத் தாழம்புதர்.

நான் காட்டுப்பாதையை எடுத்துக்கொண்டு, கரையை தாட்சுவுக்கு ஒதுக்கினேன். புதியவளுக்குக் காட்டுக்குள் வழி தெரியாது என்பதால்தான்.

சவரிமுத்து அண்ணன், "மேடம், அந்தப் பக்கம் ஒரே வெயிலு. ஒதுங்க ஒரு மரம் கெடையாது. அந்தம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றார்.

"இருக்கட்டும் அண்ணே. அவங்களுக்குப் பழகணும்ல" என்றேன்.

மூன்று மணிக்குப் படகுக்குத் திரும்பியபோது தாட்சுவின் முகம் செங்கல்போல் சிவந்திருந்தது. கையெல்லாம் தாழைமுள் கீறல். ஒரு சின்னக் குப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"ஏட்டி, இதப் பாரேன். தாழ மடல் இடுக்குல இருந்துச்சு. வலைய வச்சி தட்டினதும் தத்திக்கிட்டு விழுந்துச்சு."

பதினோரு தத்துப்பூச்சிகள். ஏழு ஆண், நான்கு பெண். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியின் தூரத்து உறவு என்று சொன்னால் யாருக்கும் புரியும். ஐந்து மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி இறக்கையில் பழுப்புப் பட்டைகள், மஞ்சள் முகம், இரண்டு கண்ணுக்கும் கீழே ஒவ்வொரு கறுப்புப் புள்ளி.

"ஏற்கெனவே பதிவானதாத்தான் இருக்கும்" என்றேன். வெளிச்சம் சரியாக இல்லை. மூன்று மணி வெயிலில் கண் கூசியது.

காட்டுக்குள் எனக்குக் கிடைத்தவை இருபத்தாறு பூச்சிகள். எல்லாம் தெரிந்தவை.

மார்ச் 20

பதிவானது இல்லை. தாட்சு இரண்டு வாரமாக எல்லாப் பழைய கட்டுரைகளையும் தோண்டிவிட்டாள். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து உறவினங்களின் படங்களையும் வரவழைத்துவிட்டாள். உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத பூச்சி.

இயக்குநர் பிஸ்வாஸ் எல்லோரையும் கூட்டி, சமோசாவும் தேநீரும் கொடுத்தார். என் கட்டுரைகள் பன்னிரண்டு. எல்லாமே 'இந்தப் பூச்சி இந்தத் தீவிலும் இருக்கிறது' என்று சொல்லும் கட்டுரைகள். புதிய இனம் ஒன்றுகூட இல்லை. தாட்சு வந்து முப்பத்தேழு நாள் ஆகிறது.

கட்டுரையில் தாட்சு முதல் ஆசிரியர், நான் இரண்டாவது என்று பிஸ்வாஸ் முடிவு செய்தார். படங்கள் என் பொறுப்பு. இந்த வகைப் பூச்சிகளில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும். வயிற்றின் நுனியை வெட்டி, காஸ்டிக் பொட்டாஷில் கொதிக்கவைத்து, கிளிசரினில் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். சுகிர்தாவைப் போல அதை வரைய இந்தியாவில் நாலு பேர்கூட இல்லை என்றார் பிஸ்வாஸ்.

அதாவது, பூச்சி அவளுடையது. அதன் வால் என்னுடையது.

மார்ச் 27

பழைய அலமாரியைத் துப்புரவு செய்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். கடைசி வரிசையில் 2016இல் நான் பிடித்த ஒரு குப்பி. சாராயத்தில் ஒரே ஒரு பெண் பூச்சி. மஞ்சள் முகம், கண்ணுக்குக் கீழே கறுப்புப் புள்ளி. என் கையெழுத்தில் சீட்டு: 'தாழை. பெண். இனம் தெரியவில்லை.'

பெண்ணை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. அது விதி. ஆண் வேண்டுமென்றால் மறுபடி அந்தத் தாழைக்குப் போயிருக்க வேண்டும். அப்போது எனக்குக் காய்ச்சலோ என்னவோ.

குப்பியைப் பின் வரிசையிலேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று படவேலை. தாட்சு ஏழு ஆணில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூலமாதிரி ஆக்கியிருக்கிறாள். இனத்தின் பெயர் என்றென்றும் அந்த ஒற்றைப் பூச்சியோடுதான் ஒட்டியிருக்கும். மற்ற ஆறும் துணைமாதிரிகள். மூலமாதிரியை வரையச் சொன்னாள். ஆண்குறியின் நுனியில் இரண்டு முள், மான்கொம்புபோலக் கவடு பிரிந்தவை. அழகானவை. நாலு மணி நேரம் வரைந்தேன்.

கை ஓடிக்கொண்டிருந்ததால் மற்ற ஆறையும் கொதிக்கவைத்துப் பார்த்தேன். நான்கில் இரண்டு முள். இரண்டில் ஒரே முள், கவடு இல்லாமல் நேராக. உடைந்ததா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். உடையவில்லை. பிறகு முகத்தைப் பார்த்தேன். அந்த இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே உள்ள புள்ளி பாதிதான்.

அது வேறு இனம். ஒரே தீவு, ஒரே தாழங்கரை, இரண்டு இனம். தாட்சு இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

என்னிடம் கேட்டது ஒரு படம். கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 10

தாட்சுவிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. எதிர் மேசையில்தான் இருந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு விடுமுறை. தாட்சு கோயிலுக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். ஒற்றை முள்ளை வரைந்தேன், கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகம் ஒன்று. மை போட்டு, அளவுகோல் வைத்து, வழக்கம்போல் மூலையில் தேதியும் போட்டேன்.

ஏப்ரல் 22

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி பிஸ்வாஸிடம் சொன்னேன். கண்டுபிடித்தது அவள், எழுதியது அவள், படத்துக்கு நன்றி என்று ஒரு வரி போட்டால் போதும் என்றேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெருந்தன்மையா என்றார்.

தாட்சுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்ட்டி இப்படிப் பண்ணுத? உன் படம் இல்லேன்னா என் எழுத்து எதுக்காவும்?"

"உனக்குத்தான் இது தேவை. எனக்கு வேல இருக்குல்லா" என்றேன்.

அது உண்மைதான். அவளுக்குத்தான் தேவை.

மே 6

அவள் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டாள். தனிப் பெயரில்.

மே 19

மழை தொடங்கிவிட்டது. சமையலறைச் சுவரில் ஓதம். ஊசி குத்திய பூச்சிகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஈரம் உறிஞ்சும் மணிகளை மாற்றினேன். கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா அடுப்புக் கொடுத்தாள்.

ஒற்றை முள் பற்றிய என் குறிப்புகள் பதினோரு பக்கம் ஆகிவிட்டன. கோப்புக்கு ஏதாவது பெயர் வேண்டுமே என்று 'ஒரு புதிய இனமும் ஒரு திருத்தமும்' என்று வைத்தேன். கோப்பின் பெயர்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா: "தாட்சு ஏதோ பூச்சி கண்டுபிடிச்சாளாமே? அவ அம்மா போன் பண்ணிச் சொன்னா. ஒரே சந்தோசம் அவளுக்கு."

"இன்னும் வெளிவரல."

"வந்துரும்லா? நீயும் ஏதாவது கண்டுபிடி மக்ளே."

மீன் வாங்கினேன். நன்றாக இல்லை. கொட்டிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

அவள் கட்டுரை ஏற்கப்பட்டது. சின்னத் திருத்தங்கள் மட்டும். மதிப்பீட்டாளர்கள் இருவரும் படங்களை மிகவும் பாராட்டியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது மூலமாதிரியின் படம். அது சரியான படம்.

மத்தியானம் தாட்சு தூக்குவாளியில் உளுந்தங்களி கொண்டுவந்தாள். நல்லெண்ணெய் மினுங்கியது. நான் இரண்டாவது வாய் வைக்கும்போது சொன்னாள்.

"இத முன்னாலயே சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். பூச்சிக்குப் பேரு வச்சிட்டேன். சுகிர்தே."

"என்னது?"

"லத்தீன்ல அப்படித்தான வரும்? சுகிர்தாவோடது, சுகிர்தே. ஒன் பேருதான்ட்டி."

சுகிர்தே. யாரோ தூரத்திலிருந்து என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

அவள் மேலும் சொன்னாள். "அலமாரியில உன் குப்பியப் பாத்தேன். ரெண்டாயிரத்துப் பதினாறு. ஒனக்கு மறந்துபோயிருக்கும். முதல்ல புடிச்சது நீதான்னு கட்டுரையில போட்டுட்டேன். நான் வர்றதுக்கு முன்னாலயே இது உன் பூச்சிட்டி."

கையிலிருந்த களியைத் தூக்குவாளியில் திரும்ப வைத்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 5

பெயர் வைப்பது பெரிய மரியாதை. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் யோசித்துப் பார்த்தால், பெயர் வைப்பவர் ஒருவர், பெயராகிப் போகிறவர் இன்னொருவர். எந்தப் புத்தகத்திலும் அந்தப் பூச்சியின் பெயருக்குப் பின்னால் விளக்கியவர் பெயர் வரும். சுகிர்தே, தாட்சாயணி, இரண்டாயிரத்து இருபத்தைந்து. அவள் கொடுத்தவளாகவும் நான் வாங்கியவளாகவும் எந்நாளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம்.

ஜூலை 8

என் கோப்பைத் திறந்தேன். 'தாட்சாயணி இரண்டு இனங்களைப் பிரித்தறியாமல் கலந்திருக்கிறார்' என்ற வரியைப் படித்தேன். அடுத்த வரியில் 'சுகிர்தே என்ற இனத்தின் துணைமாதிரிகளில் இரண்டு' என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். என் பெயரிலுள்ள பூச்சியை நானே திருத்துகிறேன். படிக்கிற யாரும் கேட்பார்கள்: படம் வரைந்தது இந்த சுகிர்தாதானே, அப்போது தெரியாதா?

ஜூலை 9

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவளுக்குப் பல்வலி. பாதி நாளில் போய்விட்டாள்.

ஜூலை 15

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

அச்சுப்படி வந்துவிட்டது. மூன்று நாளைக்குள் பிழை பார்த்து அனுப்ப வேண்டும். தாட்சு ஒரு பிரதி எடுத்து என் மேசையில் வைத்தாள். "ஒன் கண்ணுக்குத் தப்பாது. ஒருவாட்டி பாத்துக் குடேன்."

பார்த்தேன். கமா ஒன்று இடம் மாறியிருந்தது. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். துணைமாதிரிகள்: ஆறு ஆண்கள். அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எதற்காகச் சொன்னேன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அவளுக்காகவா, அல்லது என் பெயரில் ஒரு பிழை காலகாலத்துக்கும் நிற்கக் கூடாது என்பதற்காகவா? இரண்டில் நல்லதை எழுதிவைக்க ஆசைதான்.

பதினொரு மணிக்கு அவளைக் கூப்பிட்டு நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தேன். "தாட்சு, இத ஒரு நிமிசம் பாரு."

பார்த்தாள். நான் அடுத்ததை வைத்தேன். பிறகு மூலமாதிரியை. அவளே கை நீட்டி மறுபடி முதலாவதை எடுத்தாள்.

"இதுல ஒரு முள்ளுதான இருக்கு."

"ஆமா."

"ஒடஞ்சிருக்குமோ?"

"ஒடஞ்ச தடம் இல்ல. ரெண்டுலயும் ஒண்ணுபோல இருக்கு. முகத்துப் புள்ளியும் பாதிதான்."

"அதப் பாத்தேன். வேறுபாடு சகஜம்னு விட்டுட்டேன்." கண்ணை எடுக்காமலேயே பேசினாள். "வேற இனம். நான் கலந்துட்டேன். எல்லாத்தையும் வெட்டிப் பாத்திருக்கணும்."

அத்தோடு நின்றிருந்தால் போதும். அவள் நன்றிகூடச் சொல்லியிருப்பாள். ஆனால் என் கோப்பு மேசையில்தான் இருந்தது. அளவைப் பார்ப்பதற்காக அவள் படத்தை இழுத்தாள். மை போட்ட படம். மூன்று கோணம். மூலையில் தேதி.

அவள் விரல் அந்தத் தேதியின்மேல் நின்றது.

"புத்தாண்டு அன்னைக்கு ஒனக்குத் தலவலின்னுல்லா சொன்ன?"

நான் கோப்பை மூடினேன்.

"மொதல்ல எப்பம் பாத்த, சுகி?"

"ஏப்ரல் ஒம்பது."

"நீ பேர எடுக்கச் சொன்னது அதுக்கு முன்னாலயா, பொறவா?"

"பொறவு."

விளக்கை அணைத்து, நுண்ணோக்கியின்மேல் உறையை மாட்டினாள். நிதானமாக, நாலு மூலையையும் இழுத்துவிட்டு. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஏப்ரல்ல சொல்லிருந்தா ஒரு வாரத்துல சரி பண்ணிருப்பேன். கடலும் அமைதியா இருந்துச்சு. இன்னொருக்கத் தீவுக்குப் போயிருக்கலாம்."

"இப்பயும் சரி பண்ணலாம், தாட்சு. துணைமாதிரியில ரெண்ட எடுத்துட்டா…"

"நாலு பெண் பூச்சி எதோட சேரும்னு எப்படிச் சொல்ல? உங்க குப்பியில இருக்கறது எதுன்னு எப்படிச் சொல்ல? முழுசாத் திரும்ப எழுதணும்." எழுந்துகொண்டாள். "ரெண்டாவது இனத்த நீங்களே எழுதுங்க. முக்காவாசி எழுதியிருப்பீங்க."

உங்க. நீங்களே. முதலில் வேறு யாரோ அறைக்குள் வந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 24

தாட்சு அச்சுப்படியைத் திருப்பி அனுப்பவில்லை. கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டாள். இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் 'என் கவனக்குறைவு' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். பிஸ்வாஸிடமும் அதையேதான் சொன்னாளாம். நல்லவேளை சுகிர்தா கடைசி நேரத்தில் கவனித்தாள் என்று அவர் என்னைப் பாராட்டினார்.

நான் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 12

திருத்திய கட்டுரையைப் புதிதாகத்தான் அனுப்ப வேண்டும் என்று இதழ் சொல்லிவிட்டதாம். தீவுக்குப் போய் இன்னும் பூச்சி பிடிக்காமல் அவள் அனுப்புவதாக இல்லை. சவரிமுத்து அண்ணனைக் கேட்டிருக்கிறாள். நான் நடைபாதையில் இருந்தேன், காதில் விழுந்தது.

"இந்தக் கடல்ல யாரும் போக மாட்டாங்கம்மா. அக்டோபர் கழியட்டும், நானே கொண்டுபோயி விடுறேன்."

"அக்டோபர்ல நான் இருப்பேனான்னு தெரியலண்ணே" என்றாள்.

செப்டம்பர் 18

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஏற்கப்பட்ட கட்டுரை கையில் இல்லை. பிஸ்வாஸிடம் பேசினேன். விதி என்றார். நடந்ததை முழுவதும் சொன்னால் மனம் மாறுவாரோ என்று நினைத்தேன். கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தாட்சு போனாள். மேசையைத் துடைத்து, சாவியைக் கொடுத்து, எல்லோரிடமும் விடைபெற்றாள். என்னிடமும் வந்தாள்.

"வரேன் மேடம். படங்களுக்கு நன்றி."

"தாட்சு, ஊருக்குப் போனதும் போன் பண்ணு."

"சரிங்க மேடம்."

வாசல்வரை போனேன். ஆட்டோ கிளம்பியபோது அவள் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 11

கடல் தணிந்துவிட்டது. ஆமைத்தீவுக்கு நான் போனேன். இந்த முறை கரைக்கு. நாலு மணி நேரம் வெயிலில் நின்று தாழை மடல்களைத் தட்டினேன். கை முழுதும் கீறல். இரட்டை முள் ஒன்பது, ஒற்றை முள் ஆறு. படகு நிற்கும் இடத்துப் புதரில் ஒரு இனம், தள்ளி இருக்கும் புதரில் மற்றது. அவ்வளவு தெளிவு.

இரட்டை முள் ஒன்பதையும் பொதிந்து அம்பாசமுத்திரத்துக்கு, அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பினேன். கூட ஒரு கடிதம். ஒற்றை முள்ளுக்கு உன் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டிருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டு, புதுத் தாளில் படியெடுத்தேன்.

நவம்பர் 24

குறுஞ்செய்தி வந்தது. 'பூச்சிகள் கிடைத்தன. மிக்க நன்றி. பெயர் வைக்க வேண்டாம், மேடம்.'

மார்ச் 17

இரண்டு கட்டுரையும் ஒரே இதழில் வந்துவிட்டன. முதலில் அவளுடையது, அடுத்து என்னுடையது. அவள் பூச்சிக்கு இப்போது தாழையின் பெயர். என் பூச்சிக்கு ஒற்றை முள் என்று பொருள் தரும் லத்தீன் பெயர். பின்னால் என் பெயர் இருக்கிறது. ஆசைப்பட்டது அதற்குத்தான். அவள் கட்டுரையின் முடிவில், கூடுதல் மாதிரிகளையும் படங்களையும் தந்த முனைவர் சுகிர்தாவுக்கு நன்றி என்று ஒரு வரி. அவள் பெயருக்குக் கீழே எந்த நிறுவனமும் இல்லை. வீட்டு முகவரி மட்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறாளாம். அம்மா சொன்னாள்.

பிஸ்வாஸ் ரசகுல்லா கொடுத்தார். எல்லோரும் கைகொடுத்தார்கள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, என்னுடையதைத் திறக்காமல் அவளுடையதைத்தான் முதலில் படித்தேன். முழுவதும், இரண்டு முறை. முகத்துப் புள்ளியைப் பற்றி அவள் எழுதியிருக்கும் மூன்று வரியை நான் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் எழுத முடியாது.

பிழை தேடித்தான் படித்தேன். அதையாவது இங்கே எழுதிவைக்கிறேன். ஒன்றுகூட இல்லை.